திராட்சைக்காரியின் மூக்கும் என் நாக்கும்

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு மார்ச் மாதத்து நண்பகலில் நடந்தது இது. இடம், டென்மார்க்கின் மேற்கே உள்ள ஹொல்ஸ்டெப்ரோ. நான் அங்கே நகர பஸ் ஓட்டுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெண் பஸ் ஓட்டுகிறாளா என்று ஆரம்பத்தில் எங்கள் ஆட்களே கண்ணை அகலத் திறந்தார்கள். இப்போது பழகிவிட்டார்கள். அந்தப் பெரிய வண்டியை நான் வளைத்துத் திருப்பும்போது எனக்கே என் மேல் ஒரு மதிப்பு வரும். அதை ஏன் மறைக்க வேண்டும்? என் சமையல் மேலும் அப்படித்தான். வண்டி ஓட்டுவதிலும் நண்டுக் கறி வைப்பதிலும் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நம்பியிருந்த காலம். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எனக்குச் சறுக்கியது வண்டியில் அல்ல.

அன்று மழையும் பனியும் கலந்து கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. என் கடைசிச் சுற்று முடிந்து ரயில் நிலையத்தில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். பின் இருக்கையில் ஒரு பெண் மட்டும், சில்லு வைத்த ஒரு பெட்டியை அணைத்துக்கொண்டு நல்ல நித்திரை. இதே இடத்தில் ஏறியவள். வண்டிச் சூட்டில் தூங்கிப்போய் ஒரு முழுச் சுற்றும் சுற்றி, ஏறின இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறாள். தட்டி எழுப்பினேன். பதறி எழுந்து முதலில் பெட்டியைத்தான் தடவிப் பார்த்தாள்.

ஆங்கிலத்தில் கதைத்தோம். ஸ்பெயினிலிருந்து வருகிறாளாம். முதல் நாளே புறப்பட்டு, இரண்டு விமானம் மாறி, விடியற்காலையில் வந்து இறங்கியிருக்கிறாள். நகரத்தில் ஒரு வைன் வியாபாரியைப் பார்க்க வேண்டும். சந்திப்பு மூன்று மணிக்கு. அதுவரை எங்கே இருக்கலாம் என்று கேட்டாள். வயது என்னுடையதுதான் இருக்கும். மெல்லிய மழைக் கோட்டு, நனைந்த சப்பாத்து. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“என்ரை வீட்டை வாங்கோ” என்று தமிழிலேயே சொல்லியிருப்பேன், நல்ல வேளை ஆங்கிலம் வந்தது. வண்டியை அடுத்த சாரதியிடம் ஒப்படைத்துவிட்டு அவளை என் காரில் ஏற்றிக்கொண்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் பெந்தெகொஸ்தே சபைக்காரர். என் கணவர் சபையில் மூப்பர். எங்கள் வீட்டுக்குள் மது வந்ததில்லை. சபையில் திருவிருந்துக்குக்கூடப் புளிக்காத திராட்சைச் சாறுதான். அன்று அவருக்கு ஓய்வு நாள். கதவைத் திறந்தவர் விருந்தாளியைச் சிரித்து வரவேற்றார். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவள் சொன்னதும் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார்.

“வைன்காரியையோ கூட்டிக்கொண்டு வந்தனீர்?”

“வந்தது மனுசி. வைன் பெட்டிக்குள்ளை கிடக்கு. நீங்கள் போய்ச் சோத்துக் கோப்பையை எடுத்து வையுங்கோ.”

அவர் போய்க் கோப்பைகளை எடுத்து வைத்தார். வீட்டுக்கு வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்புகிற ஆள் அவரும் இல்லை.

மேற்குக் கரைத் துறைமுகத்தில் இலையுதிர் காலத்தில் வாங்கி டீப் பிரீசரில் வைத்திருந்த நண்டு முதல் நாளே கறியாகியிருந்தது. நண்டுக் கறி ஒரு நாள் வைத்தால்தான் ருசி. முருங்கையிலை, தேங்காய்ப்பால், வீட்டில் வறுத்து இடித்த கறித்தூள். சோற்றைப் போட்டுக் கறியை ஊற்றியதும் அந்தப் பெண்ணின் கண் விரிந்தது. அவளுடைய ஊரிலும் இதே நண்டுதானாம். கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டு எங்களைப் போலவே கையால் உடைத்து உறிஞ்சத் தொடங்கினாள். எனக்கு அவளை அந்த இடத்திலேயே பிடித்துப்போய்விட்டது. மனதுக்குள் திராட்சைக்காரி என்று பெயரும் வைத்துவிட்டேன்.

சாப்பிட்டுக்கொண்டே தன் ஊரைச் சொன்னாள். ஸ்பெயின் என்றால் வெயிலும் வறண்ட மண்ணும் என்று நான் நினைத்திருந்தேன். அவளுடையது வடமேற்கு மூலை, கலீசியா. அங்கே கடல் நிலத்துக்குள் விரல் விட்டதுபோல் நுழைந்திருக்குமாம். அந்தக் கரையோரத்து வைன் பிரதேசத்துக்கு ரியாஸ் பைஷாஸ் என்று பெயர். ஓயாத மழை, காலையில் மூடுபனி. அதனால் திராட்சையைத் தரையோடு விடாமல் கருங்கல் தூண் நட்டு, தலைக்கு மேலே பந்தல் போட்டுப் படர விடுவார்களாம். குலைகள் மேலே தொங்க, கீழே காற்றுப் புகுந்து ஓடி ஈரத்தைக் காய வைக்கும். பந்தலின் கீழே உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் நடுவார்களாம். அறுவடைக்குப் பெண்கள்தான் அதிகம். பெட்டி மேல் ஏறி நின்று, கையை மேலே தூக்கித் தூக்கி வெட்டுவது. சொல்லும்போது அவள் நண்டுக்காலோடு கையை உயர்த்திக் காட்டினாள்.

“பந்தலோ? எங்கடை ஊர்த் திராட்சையும் பந்தலிலைதானே!” என்று என் கணவர் உற்சாகமாகி, நீர்வேலிப் பக்கத்துத் தோட்டங்களைப் பற்றி அரைகுறை ஆங்கிலத்தில் தொடங்கிவிட்டார். வைன்காரி என்ற பயம் எங்கே போனதோ.

இதற்கிடையில் என் வேலை கறி ஊற்றுவது. ஊற்றிக்கொண்டே இருந்தேன். அவள் மூக்கு சிவந்தது, கண்ணீர் வந்தது, நெற்றி வியர்த்தது. சோற்றுக் கோப்பைக்கு மேல் கையை விரித்து “போதும்” என்றாள். எங்கள் வீடுகளில் முதல் ‘போதும்’ வெட்கத்துக்குச் சொல்வது. அதைக் கேட்டு நிறுத்தினால் நிறுத்தினவளுக்குத்தான் அவமானம். விரலிடுக்கால் ஊற்றினேன். இரண்டாம் முறையும் கையை விரித்தாள். கையைச் செல்லமாக விலக்கிவிட்டு ஊற்றினேன்.

“இஞ்சாரும், உறைப்புக் கூடப் போலை கிடக்கு. மனுசி அழுகுது” என்றார் கணவர்.

“அது ருசியிலை வாற கண்ணீர். நீங்கள் பேசாமல் இருங்கோ.”

கடைசியில் வயிற்றுக்கு நல்லது என்று கொதிக்கக் கொதிக்க இஞ்சித் தேத்தண்ணியும் கொடுத்தேன். எரிகிற நாக்கோடு இருந்தவள் அவசரத்தில் ஒரு பெரிய மிடறு இழுத்துவிட்டாள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது என்றால் அதுதான். அவள் துள்ளி எழுந்ததைப் பார்த்துத்தான் எனக்கு முதல் முறையாக ஏதோ சரியில்லை என்று பட்டது.

தண்ணீர் குடித்து ஆறினதும் பெட்டியைத் திறந்தாள். உள்ளே மூன்று போத்தல்கள், கழுத்தில் நீலம், பச்சை, சிவப்பு நாடா கட்டியிருந்தது. எந்தச் சந்திப்புக்கும் போகுமுன் ஒரு முறை சுவை பார்த்துக்கொள்வது அவள் வழக்கமாம். நீலத்தில் கொஞ்சம் ஊற்றி வாயில் வைத்தாள். முகம் மாறியது. பச்சையை வைத்தாள். சிவப்பை வைத்தாள். பிறகு குசினி நிலத்தில், அலுமாரியோடு சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மூன்றும் தண்ணீராக இருக்கிறது என்றாள்.

அப்போதுதான் முழுக் கதையும் வந்தது. அவளுடைய ஊரில் சில குடும்பங்கள் சேர்ந்து தங்கள் சின்னச் சின்னத் துண்டுக் காணிகளின் திராட்சையை ஒன்றாக்கி வைன் செய்கிறார்கள். கடலோரத் துண்டு, ஆற்றோரத் துண்டு, மேட்டுத் துண்டு என்று மூன்றையும் தனித்தனித் தொட்டியில் வைத்திருக்கிறார்கள்; அந்த மூன்று போத்தலும் அவைதான். போன வருடம் பூஞ்சணம் பிடித்துப் பாதிக் குலை அழிந்தது. வழக்கமாக வாங்கினவரும் கைவிட்டுவிட்டார். இந்த வருடம் ஒழுங்காக வாங்க ஆள் கிடைக்காவிட்டால் பந்தலைப் பிடுங்கிவிட்டு யூகலிப்டஸ் நடுவது என்று பாதிப் பேர் முடிவெடுத்துவிட்டார்கள். ஹொல்ஸ்டெப்ரோ வியாபாரி, கரையோர மீன் உணவகங்களுக்கெல்லாம் வைன் கொடுப்பவர். மூன்றையும் எந்த அளவில் கலந்தால் அவருக்குப் பிடிக்கிறதோ, அந்த அளவை அவர் கண் முன்னாலேயே கலந்து காட்ட வேண்டும். அந்தக் கலவை அவள் வேலை. அவளுடைய நாக்கை நம்பித்தான் அத்தனை குடும்பமும் அவளை அனுப்பியிருக்கிறது. இரவு திரும்பும் விமானம். வியாபாரியோ மறுநாள் காலை வெளிநாடு போகிறார்.

எனக்கு வெட்கம் தாங்கவில்லை. அந்த நாக்கைத்தான் நான் கையை விலக்கி விலக்கிப் பொசுக்கியிருக்கிறேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தன் ஊரிலும் விருந்தாளி சொல்வதை யாரும் கேட்பதில்லை, தன் மாமியாரும் இதைத்தான் செய்திருப்பாள் என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். பாதியில் சிரிப்பு உடைந்தது. உறைப்பு என்றால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும் என்று நினைத்தாளாம். தேத்தண்ணி சுட்டதைத்தான் எதிர்பார்க்கவில்லை.

மோர் கொடுத்தேன். இங்கே கடையில் விற்கும் கேர்னமெல்க் எங்கள் மோர்தான். அதைக் குடித்தாள், சீனியை நாக்கில் வைத்தாள். எரிச்சல் குறைந்தது, ருசி திரும்பவில்லை.

உட்கார்ந்து அழுவதற்கு நேரமில்லை என்று எனக்குத் தோன்றியது. பஸ் பழுதாகி நின்றால் சாரதி அழுதுகொண்டா இருப்பாள்? எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்றுதான் முதலில் பார்ப்பாள். அதையே அவளிடம் கேட்டேன். யோசித்தாள். கிளாசை எடுத்து முகர்ந்தாள். மூக்கு நன்றாக இருக்கிறது என்றாள். வைனில் பெரும்பகுதி மூக்கால்தான். பூவும் பழமும் எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். ஆனால் புளிப்பும் உப்பும் மூக்குக்கு வராது. அந்தத் திராட்சைக்கு, அல்பரின்யோ என்று பெயர், உயிரே புளிப்புத்தானாம். அது கூடினால் பல் கூசும், குறைந்தால் வைன் செத்துவிடும்.

“புளி பார்க்கத்தானே? அதுக்கு நான் இருக்கிறன்” என்றேன்.

சொல்லி முடிந்த பிறகுதான் என் கணவரின் முகம் கண்ணில் பட்டது.

திராட்சைக்காரி நம்பவில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது; தன் ஊரின் தலைவிதியை ஒரு பஸ் சாரதியின் நாக்கில் வைக்க யாருக்குத்தான் மனம் வரும்? எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, தண்ணீர் கூட்டிக் குறைத்துச் சில கிளாசுகளில் ஊற்றினாள். என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு இடம் மாற்றி வைத்தாள். நான் புளிப்பு வரிசையில் அடுக்கிக் காட்டினேன். வித்தியாசத்தை இன்னும் சிறிதாக்கி வைத்தாள். அதையும் அடுக்கினேன். இத்தனை வருடம் ரசத்துக்கும் மீன் குழம்புக்கும் புளி பார்த்த நாக்கு இது. நண்டுக் கறிக்கெல்லாம் அசையாது.

“துப்பிவிடலாம். நாங்களும் துப்பித்தான் பார்ப்போம்” என்றாள் அவள், இந்த முறை என் கணவரைப் பார்த்து.

நான் அவரைப் பார்த்தேன். என் மனதுக்குள்ளும் கலக்கம் இல்லாமல் இல்லை. ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து ஒரு சொட்டு தொட்டதில்லை. அவர் நெடுநேரம் அந்த நிற நாடாப் போத்தல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த மனுசியின்ரை தோட்டம் போகப்போகுது, எங்கடை சாப்பாட்டாலை” என்றார் கடைசியில். “நீர் துப்பும். நான் கார் ஓடுறன்.”

குசினித் தொட்டிக்கு மேலே குனிந்து நின்றுதான் என் வாழ்க்கையின் முதல் வைனை வாயில் வைத்தேன். நீல நாடா. துப்பினேன். உண்மையைச் சொல்கிறேன், பிடிக்கவில்லை. ஆனால் புளிப்பு பளிச்சென்று தெரிந்தது. பச்சை மாங்காய்ப் புளி. கூடவே கடலுக்குப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரின் உவர்ப்பு. அதைச் சொன்னதும் அவள் என் கையைப் பிடித்தாள். நீல நாடா கடலோரத் துண்டு. நான் அதை அறிந்திருக்கவில்லை.

மூன்று மணிக்கு வியாபாரியின் கடைக்குப் பின்னால் உள்ள அறையில் நின்றோம். என் கணவர் காரிலேயே இருந்துவிட்டார், சபையார் யாரும் அந்தப் பக்கம் போனால் கண்ணில் படாதபடி இருக்கையைச் சாய்த்துக்கொண்டு. வியாபாரி உயரமான, நரைத்த மனிதர். பஸ் கம்பனி ஜாக்கெட்டோடு நிற்கும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று யோசிக்கிற ஆளில்லை திராட்சைக்காரி. “சாப்பாட்டில் என் நாக்கு வெந்துவிட்டது, இன்றைக்கு இவள்தான் என் நாக்கு” என்று நேராகச் சொல்லிவிட்டாள்.

அவர் சிரிக்கவில்லை. இப்படி வேலை செய்ய முடியாது, வேறு வருடம் பார்க்கலாம் என்பதுபோல் ஏதோ தொடங்கினார். நான் டேனிஷில் குறுக்கிட்டேன்.

“எங்களை நம்ப வேண்டாம். எப்படியும் கடைசியில் குடித்துப் பார்ப்பது நீங்கள். பிடிக்காவிட்டால் கதவைக் காட்டுங்கள், போய்விடுகிறோம். தப்பு என்னுடைய கறியில். அதற்கு இவளுடைய ஊர் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்?”

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மூன்று கிளாசைக் கொண்டுவந்து வைத்தார். துப்புவதற்கு ஒரு வாளியும் வைத்தார்.

அவள் ஊற்றினாள், முகர்ந்தாள், கலந்தாள், எனக்கு நீட்டினாள். நான் வாயில் வைத்துத் துப்பிவிட்டுச் சொன்னேன். கூட. இன்னும் கூட. இப்போது புளி போதாது. இடையில் ரூபுறோட் என்கிற கறுப்பு ரொட்டியில் ஒரு துண்டு கடித்து வாயைச் சுத்தமாக்கினேன். மெல்ல மெல்ல ஒரு இடத்துக்கு வந்தோம். அங்கேதான் இருவருக்கும் தகராறு. மேட்டுத் துண்டு வைனை இன்னும் கொஞ்சம் விட்டால் மணம் முழுதாகத் திறக்கும் என்றது அவள் மூக்கு. விட்டுத் தந்தாள். மணம் எனக்கே தெரிந்தது, பீச் பழத்தைப் பிளந்ததுபோல். ஆனால் வாயில் வைத்தால் சோர்ந்து கிடந்தது.

“புளி செத்துப்போச்சு” என்று என்னையறியாமல் தமிழில் சொல்லிவிட்டேன். அவளுக்குப் பாஷை தேவைப்படவில்லை, என் முகம் போதும்.

அவள் கிளாசைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எத்தனையோ வருடத் தொழில் அவளுடையது. நான் வந்தது அரை நாள். அவள் தன் மூக்கு சொன்னதைக் கேட்டிருந்தால் நான் ஒரு சொல்லும் பேசியிருக்க மாட்டேன். அந்தக் கிளாசை வாளியில் கவிழ்த்துவிட்டு முன்னைய அளவுக்குத் திரும்பினாள். கடலோரத் துண்டிலிருந்து ஒரு சொட்டுக் கூடவும் விட்டாள். முகர்ந்தாள். நான் வாயில் வைத்தேன். தலையை ஆட்டினேன்.

வியாபாரி எடுத்துக் குடித்தார். உள்ளே போய்ப் புகைபோட்ட மீன் ஒரு துண்டு கொண்டுவந்தார். மீனைக் கடித்தார், மறுபடி குடித்தார். யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். டென்மார்க்காரர் மௌனமாக நின்றால் அது ஓமா இல்லையா என்று இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்குப் பிடிபடுவதில்லை. திராட்சைக்காரி என் ஜாக்கெட்டின் கையைப் பிடித்திருந்தாள், தான் பிடித்திருப்பது தெரியாமலே.

“இதை எடுக்கிறேன்” என்றார். பிறகு, “இருப்பது எல்லாவற்றையும்.”

அவள் அழுதாள். இந்த முறை கறியால் அல்ல. நானும் அழுதேன், ஏன் என்று கேட்டால், நான் கெடுத்தது கெட்டே போகாமல் கைக்குத் திரும்பி வந்துவிட்ட ஆறுதலில்தான். காருக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் என் கணவர் இருக்கையை நிமிர்த்திக்கொண்டு, சபையில் சொல்கிற அதே குரலில், தெருவே கேட்க “ஸ்தோத்திரம்!” என்றார். விமான நிலையம் வரை அவரே ஓட்டினார். வழியெல்லாம் இருவரும் பந்தலைப் பற்றித்தான் கதைத்தார்கள்.

அந்த வருட இலையுதிர் காலத்தில் ஒரு போத்தல் வீட்டுக்கு வந்தது. அதைத் திறக்கவில்லை, எறியவும் மனமில்லை. குசினியில் நல்லெண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஒருநாள் எங்கள் போதகர் வீட்டுக்கு வந்தபோது அவர் கண் நேரே அதில்தான் விழுந்தது. கணவர் இருமத் தொடங்கினார். நான் முழுக் கதையையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “துப்பினனீங்கள்தானே?” என்றார். “ஓம், எல்லாத்தையும்” என்றேன். “நல்லது. நண்டுக் கறி மிச்சம் இருக்கோ?” என்றார்.

திராட்சைக்காரி ஒவ்வொரு வசந்தத்திலும் தொலைபேசியில் ஒரு படம் அனுப்புகிறாள். கருங்கல் தூண், பந்தல், அதில் புதுத் துளிர். யூகலிப்டஸ் ஒன்றும் இல்லை.

என் சமையல் மேல் எனக்குள்ள மதிப்பு இன்னும் குறையவில்லை, உறைப்பையும் குறைக்கவில்லை. ஆனால் என் மேசையில் யாராவது கோப்பைக்கு மேல் கையை விரித்தால், அது வெட்கமா உண்மையா என்று இப்போது நான் ஊகிப்பதில்லை, கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு, “இண்டைக்கு உங்களுக்கு என்ன வேலை இருக்கு?” என்று கேட்கிறேன்.